இறைசித்தமும் மனிதர் கடனும்

துன்பம் நேர்ந்தவிடத்து, அதனை அறிவினால் விளக்க முற்படுமுன்னரே ஒரு சொல்லினால் தாங்கிக்கொள்ள முயல்வது மனித இயல்பு. கொழும்பு மாநகரின் வடபால், களனி கங்கையை அடுத்துள்ள கிராண்ட்பாஸ் பகுதியில் இவ்வியல்பினைக் கண்கூடாகக் காணலாம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே ஒழுங்கையில் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் இடம் அது. அங்கு ஒரு வீட்டில் சாவு நிகழுமாயின், துக்கம் விசாரிக்க வருவோர் சைவ வீட்டிலே தலைவிதி என்பர். முஸ்லிம் வீட்டிலே அல்லாஹ்வின் நாட்டம் என்பர். பௌத்த வீட்டிலே கருமம் என்பர். கிறிஸ்தவ வீட்டிலே ஆண்டவருடைய சித்தம் என்பர். சொற்கள் வேறாயினும் அவை ஆற்றுந் தொழில் ஒன்றே போலத் தோன்றும். அழுவோரைத் தேற்றுவதும், எழுகின்ற கேள்விகளை மெல்ல அமர்த்துவதுமே அத்தொழில்.

இறைவனை நம்பி அவருடைய சித்தத்திற்குத் தன்னைக் கையளித்தல் எனக் கிறிஸ்தவம் போதிப்பது இவ்வளவுதானா என்பது ஆராயத்தக்கது. நோயும் முதுமையும் கொண்டுவரும் சாவினை இறைசித்தம் என ஏற்பது ஒருவாறு இயலும். மனிதரின் கொடுமையாலும் அசட்டையாலும் விளைந்த சாவினையும் அவ்வாறே ஏற்பதுதான் விசுவாசியின் கடனா? ஏற்க மறுத்து நீதி கேட்பவர் இறைவன்மேல் நம்பிக்கை குன்றியவரா?

இவ்வினாக்கள் வெறும் ஏட்டுக் கல்விக்குரியன அல்ல. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், கிராண்ட்பாஸிலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில், திருப்பலி வேளையிற் குண்டு வெடித்தது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலுள்ள புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், தலைநகரின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் அதே காலையிற் குண்டுகள் வெடித்தன. 250 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். செபித்துக்கொண்டிருந்த வேளையிலேயே செபித்தோர் கொல்லப்பட்டனர் என்பதனால், இறைசித்தம் என்ற சொல் அன்று முதல் இந்நகரத்துக் கிறிஸ்தவர்க்குப் பழைய எளிமையுடன் கூறத்தக்க சொல்லாக இல்லை.

விதியும் சித்தமும்

முதற்கண் சொற்களை வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும். ஊழ் என்னும் கருத்து தமிழ்ச் சிந்தனையில் ஆழ வேரூன்றியது. வள்ளுவர் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைக் கூறினார்; 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையைக் கூறி, முயற்சிக்கும் உரிய இடத்தை நிறுவினார். இரண்டையும் ஒரே நூலில் அமைத்த அப்பெருந்தகை, ஊழை நம்புதல் செயலற்றிருத்தற்குச் சாக்காகிவிடலாகாது என்பதனை நன்குணர்ந்திருந்தார் எனலாம்.

எனினும் ஊழுக்கு முகமில்லை. அதனை அறியலாம், அஞ்சலாம், அதன்முன் வாய்மூடி நிற்கலாம். அதனோடு பேசுதல் இயலாது. சித்தம் அத்தகையதன்று. சித்தம் என்றவுடனே அது எவருடைய சித்தம் என்ற வினா எழும். அதனை உடையவர் ஒருவர் உளர் என்பதும், அவரோடு பேசலாம், கெஞ்சலாம், வழக்காடவுங்கூடலாம் என்பதும் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளன. தமிழ்க் கிறிஸ்தவர் தம் செபத்தில் விதி என்னாது சித்தம் என்று வழங்குவதன் பொருளாழம் இதுவே. இறைசித்தத்தை விதியின் மறுபெயராகக் கொள்வோர், அறிந்தோ அறியாமலோ, உறவினை இயந்திரமாக மாற்றிவிடுகின்றனர்.

சரணடைதல் தமிழ்ச் சமய மரபுக்குப் புதியதுமன்று. வைணவத்தின் வடகலையாரும் தென்கலையாரும் சரணாகதியில் மனித முயற்சிக்கு இடமுண்டா என்பதனைக் குரங்குக் குட்டி, பூனைக் குட்டி என்னும் இரு உவமைகளால் நெடுங்காலம் விவாதித்தனர். தாயை இறுகப் பற்றிக்கொள்வது குரங்குக் குட்டி. தாய் கவ்விச் செல்லத் தன்னை விட்டுக்கொடுப்பது பூனைக் குட்டி. கிறிஸ்தவ உலகிலும் இவ்விவாதம் நிகழ்ந்தது. பிரெஞ்சு இயேசு சபைத் துறவி கொசாட் என்பாரின் பெயரால் வழங்கி 1861இல் அச்சேறிய, இறைபராமரிப்பிற்குத் தன்னைக் கையளித்தல் பற்றிய நூல், கையளித்தலை அவ்வக்கணத்தின் கடமையோடு பிணைத்துப் பேசுகின்றது. சரணடைந்தவன் அடுத்த கணத்தைப் பற்றிய கவலையை விடுகின்றான். இக்கணத்தின் வேலையை விடுவதில்லை. இரு மரபுகளிலும் சரணாகதி என்பது சோம்பலின் பெயராக ஒருபோதும் கருதப்படவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

ஒலிவ மலையடியில் நிகழ்ந்த மன்றாட்டு

கிறிஸ்தவச் சரணாகதிக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுவது கெத்சமனித் தோட்டத்தில் இயேசு செய்த மன்றாட்டாகும். அம்மன்றாட்டின் முடிவினை மட்டும் நினைவிற்கொள்வோர் பலர். முடிவுக்கு முன்னர் ஒரு வேண்டுகோள் உண்டு. தமக்கு வரவிருந்த துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலவேண்டும் என்றே அவர் முதலிற் கேட்டார். மத்தேயுவின்படி மூன்று முறை சென்று மன்றாடினார்; லூக்காவின் நற்செய்தி வியர்வையைக் குருதித் துளிகளோடு ஒப்பிடுகின்றது. விருப்பத்தை வெளிப்படையாகக் கூறிய பின்னரே அவர் அதனைத் தந்தையிடம் விட்டுக்கொடுத்தார். தனக்கென ஒரு விருப்பமே இல்லாதவர் எதனையும் கையளிக்க முடியாது. கையில் இல்லாததைக் கொடுத்தல் எங்ஙனம்?

இன்னுமொன்று இங்கு கவனித்தற்குரியது. அச்சொற்களைக் கூறியவர் துன்பத்திற்கு உள்ளாகவிருந்தவரே. அதே சொற்களைக் கைப்பாசு என்னும் தலைமைக் குரு அவரை நோக்கிக் கூறியிருப்பின், அல்லது பிலாத்து தன் கைகளைக் கழுவிய தண்ணீரோடு சேர்த்துக் கூறியிருப்பின், அவை எத்தகைய சொற்களாக இருந்திருக்கும்? ஒருவன் வாயிற் செபமாக இருக்கும் வாக்கியம் மற்றொருவன் வாயில் நிந்தனையாக மாறிவிடும். தமிழிலக்கணத்தின் மொழியிற் கூறுவதாயின், இறைசித்தத்திற்கு அமைதல் என்பது தன்மையிடத்திற்கே உரிய வினை. முன்னிலையிடத்தாரை நோக்கி அதனை ஏவலாகக் கூறுவதும், படர்க்கையிடத்தாரின் துயரை அதனால் விளக்குவதும் அச்சொல்லின் இயல்பையே சிதைத்துவிடும்.

யோபுவின் வரலாறு இதனை மேலும் வலியுறுத்துகின்றது. மக்களையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்த யோபுவைத் தேற்ற நண்பர் மூவர் வந்தனர். ஏழு பகலும் ஏழு இரவும் அவர்கள் யாதும் பேசாது அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். அந்நூல் முழுவதிலும் அவர்கள் செய்த மிகச் சிறந்த செயல் அதுவே எனலாம். பின்னர் வாய் திறந்து, இறைவன் நீதியுள்ளவர், ஆகையால் நீ குற்றம் செய்திருக்கவேண்டும் என்னும் பொருள்பட வாதிடத் தொடங்கினர். யோபுவோ தன் பிறந்தநாளைச் சபித்தான். இறைவனை வழக்குக்கு அழைத்தான். நூலின் முடிவிலே, இறைவனுக்காக வாதாடிய நண்பர்களே இறைவனின் கோபத்திற்கு ஆளாகின்றனர். வழக்காடிய யோபுவே சரியாகப் பேசியவன் எனத் தீர்ப்பாகின்றது. இறைவனைக் காப்பாற்றுவதாக எண்ணித் துன்புற்றவனைக் கைவிடுதல் பக்தியாகாது என்பது அந்நூலின் துணிபு.

பேசாத சூசையப்பர்

கிராண்ட்பாஸ் கத்தோலிக்கரின் பங்கு ஆலயம் புனித சூசையப்பர் பெயரைத் தாங்கியது. அப்புனிதரைப் பாட்டுடைத் தலைவராக்கியே வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியை இயற்றினார். 36 படலங்களும் 3615 பாடல்களுங் கொண்ட பெருங்காப்பியம் அது. காப்பியத்திற் பெருகி நிற்கும் இவர், நற்செய்தி ஏடுகளில் ஒரு சொல்லேனும் பேசியதாகப் பதியப்படவில்லை. பேசாத ஒருவரைத் தலைவராகக் கொண்டு பெருங்காப்பியம் எழுந்தமை தமிழிலக்கியத்தின் சுவையான செய்திகளுள் ஒன்று.

அவருடைய சரணாகதி செயல்வடிவிலானது. கனவிலே எச்சரிக்கை கிடைத்ததும் அவர் இரவோடிரவாக எழுந்து, குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு வழிகொண்டார். ஏரோதின் வாள் வருவது இறைசித்தமாயின் வரட்டும் என்று பெத்லகேமிற் படுத்திருக்கவில்லை. இறைவன் காப்பார் என்ற நம்பிக்கை அவரைக் கால்நடையாக நடக்கவைத்தது. அந்நிய நாட்டில் அகதியாக வாழவும் வைத்தது.

எனினும் அவ்வரலாற்றில் மறைக்கவியலாத ஒரு பகுதி உண்டு. எச்சரிக்கப்பட்ட வீடு ஒன்றுதான். பெத்லகேமின் ஏனைய குழந்தைகள் கொல்லப்பட்டனர். அவர்களைப் பற்றி மத்தேயு எழுதும் முறை ஆழ்ந்து நோக்குதற்குரியது. பிற நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்து, இறைவாக்கு நிறைவேறும்படியாக அவை நிகழ்ந்தன என நோக்கப்பொருள் தோன்ற எழுதும் அவர், இவ்விடத்தில் அந்நடையைக் கைவிட்டு, அப்பொழுது இறைவாக்கு நிறைவேறியது என்று மட்டும் குறிக்கின்றார். குழந்தைகளின் கொலை இறைவனின் நோக்கத்திற்காக நிகழ்ந்தது எனச் சொல்ல அவருடைய எழுதுகோல் தயங்கியது என்று விவிலிய ஆய்வாளர் கருதுவர். விளக்கத்திற்குப் பதிலாக அவர் அங்கு நிறுத்துவது ராகேல் என்னும் தாயின் அழுகையை. தன் பிள்ளைகள் இல்லாமற்போனமையால் அவள் ஆறுதல் பெற மறுக்கின்றாள். அம்மறுப்பினை மத்தேயு கண்டிக்கவுமில்லை, திருத்தவுமில்லை. ஆறுதலடைய மறுத்த தாய்க்கும் புனித நூலில் இடம் உண்டு.

நாகலகம் வீதியின் அளவுகோல்

கிராண்ட்பாஸ் என்னும் பெயர் போர்த்துக்கேயர் காலத்துக் கடவையொன்றைக் குறிப்பது. களனி கங்கையைக் கடக்கும் பெருந்துறை அங்கு இருந்தது. 1822இல் ஓடங்களைப் பிணைத்து அமைத்த மிதவைப் பாலமும், 1895இல் விக்டோரியாப் பாலமும் அமைவதற்கு முன்னர், ஆற்றைக் கடக்க வந்தவன் தன் உயிரையும் மூட்டையையும் ஓடக்காரனிடம் ஒப்புவித்தே சென்றான். நம்பிக்கை என்பதற்கு இதனினும் எளிய உவமை வேண்டுவதில்லை. ஏறியவன் துடுப்பைப் பறிக்கலாகாது. ஆயின் ஓடத்திலே நீர் புகுமாயின் அதனை இறைத்து வெளியேற்றுதல் ஓடக்காரன்மேல் அவநம்பிக்கை கொண்டதாகாது.

அதே ஆற்றின் நீர்மட்டம் நாகலகம் வீதியிலுள்ள அளவுகோலில் இன்றும் அளக்கப்பட்டு வருகின்றது. 5 அடி எனின் சிறுவெள்ளம், 7 அடி எனின் பெருவெள்ளம் என வகுத்துள்ளனர். மழைக்காலத்தில் அளவுகோலின் இலக்கத்தைக் கேட்டறிந்து பிள்ளைகளையும் பொருள்களையும் மேட்டுக்குக் கொண்டு செல்லும் குடும்பம், அன்றிரவு செபமாலையும் சொல்லும். இவ்விரண்டுக்குமிடையே முரண்பாடு இருப்பதாக அக்குடும்பத்தார் எவரும் எண்ணுவதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவைத்த பின்னரே இறைவன்மேற் பொறுப்புச் சாட்டவேண்டும் என நபிகள் நாயகம் அறிவுறுத்தியதாக வழங்கும் மரபு அயல்வீட்டு முஸ்லிம்களும் நன்கறிந்தது. தவக்குல் என அவர்கள் கூறுவதும் முயற்சியை உள்ளடக்கிய நம்பிக்கையையே.

கத்தோலிக்க இலங்கையின் பெரும் புனிதரான யோசேப் வாஸ் அடிகளாரின் வாழ்வும் இதற்குச் சான்று. 1687இல், ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், கோவையிலிருந்து மாறுவேடத்தில் இலங்கை வந்தவர் அவர். இங்கே கோவை என்றது இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள கோவாவை. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது மக்களிற் பலர் நோயாளரைக் கைவிட்டு நகரைவிட்டு அகன்றனர். கொள்ளைநோயை இறைவனின் தண்டனை எனக் கொள்வது அக்காலத்தில் இயல்பான எண்ணமே. அடிகளார் கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று புண்களைக் கழுவினார்; உணவூட்டினார்; இறந்தோரை அடக்கஞ் செய்தார். தம் உயிரை இறைவனிடம் விட்டுவிட்டமையாலேயே பிறர் உயிரைப் பேணும் விடுதலை அவருக்குக் கிடைத்தது. 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

கொச்சிக்கடையும் நீதியின் குரலும்

இனி 2019இன் நிகழ்ச்சிக்கு மீளலாம். அந்நாளுக்குப் பின்னர் இலங்கைத் திருச்சபை நடந்துகொண்ட முறையில் சரணாகதியின் இரு பக்கங்களும் வெளிப்பட்டன.

முதலாவது, பழிவாங்குதலைக் கைவிடுதல். கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித், சட்டத்தைக் கையிலெடுக்க வேண்டாம் என மக்களை வேண்டினார். பொதுத் திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 28ஆம் திகதி அவர் ஒப்புக்கொடுத்த திருப்பலியை மக்கள் வீடுகளிலிருந்து தொலைக்காட்சியிற் கண்டனர். ஆயினும் மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் கம்பஹா மாவட்டத்திலும் குற்றமற்ற முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 2013 ஓகஸ்டில் பள்ளிவாசல் ஒன்று தாக்கப்பட்டதனைக் கண்ட கிராண்ட்பாஸுக்கு அச்சம் புதியதன்று. பழிவாங்க எழுபவன் இறைவனின் நீதியை நம்பாதவன். தீர்ப்பிடும் ஆசனத்தில் தானே ஏறி அமர்ந்துகொள்பவன். இவ்வகையில் நோக்கின், அயலானின் கடைக்குத் தீ வைக்காது கைகளைக் கட்டிக்கொண்ட ஒவ்வொருவரும் சரணாகதியின் கடினமான பாடத்தைக் கற்றோரே.

இரண்டாவது, உண்மையைக் கைவிட மறுத்தல். தாக்குதல் பற்றிய முன்னறிவிப்பு வெளிநாட்டுப் புலனாய்வுத் துறையிடமிருந்து ஏப்ரல் 4ஆம் திகதியே நாட்டுக்குக் கிடைத்திருந்தது. அறிந்தோர் அறிந்தபடி செயற்பட்டிருப்பின் அந்த ஞாயிறு வேறுவிதமாக விடிந்திருக்கக்கூடும். ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கை 2021 பெப்ரவரியிற் கையளிக்கப்பட்ட பின்னரும் நீதி தாமதமாவதைக் கண்டித்து, அவ்வாண்டு மார்ச் 7ஆம் திகதியைக் கத்தோலிக்கர் கறுப்பு ஞாயிறாக அனுட்டித்தனர். 2022 மார்ச்சில் கர்தினால் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவையில் உரையாற்றினார். உயிரிழந்தோரின் உறவினர் உள்ளிட்டோர் தொடுத்த அடிப்படை உரிமை மீறல் மனுக்களின்மேல் உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12ஆம் திகதி தீர்ப்பளித்தது. தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என அது கட்டளையிட்டது. முன்னாள் பொலிஸ் மா அதிபர், பாதுகாப்புச் செயலாளர், புலனாய்வுத் துறைத் தலைவர்கள் ஆகியோரும் இழப்பீடு செலுத்துமாறு பணிக்கப்பட்டனர்.

மனுவிலே கையொப்பமிட்டவர்கள் இறைசித்தத்தை எதிர்த்தார்களா? அன்று. இறைசித்தம் என்ற திரையின் பின்னே மனிதர் தம் தவறுகளை மறைத்துக்கொள்வதனையே எதிர்த்தனர். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து 32 பேர் மாண்டபோதும் இதே திரை தேவைப்பட்டது. ஆண்டுக்கணக்கிற் குப்பையைக் கொட்டி மலையாக்கியது மனிதரின் கை. அதனை ஊழ் என்றோ இறைவனின் செயல் என்றோ அழைத்தல், இறைவன்மேற் பொய்க்குற்றஞ் சாட்டுவதாகும். பத்துக் கட்டளைகளுள் இறைவன் பெயரை வீணாக வழங்காதிருத்தல் ஒன்று. அக்கட்டளையின் மிகக் கொடிய மீறல் சூளுரைகளில் நிகழ்வதன்று. மனிதரின் குற்றத்திற்கு இறைவனின் பெயரைச் சூட்டுவதிலேயே நிகழ்கின்றது.

ஓர் எதிர்வாதம்

இங்கு ஒரு கடினமான தடை எழும். தீமையை இறைவன் விரும்புவதில்லை, நிகழ அனுமதிக்க மட்டுமே செய்கின்றார் என 13ஆம் நூற்றாண்டில் அக்குவினாஸ் தோமா கூறினார். திருச்சபையின் மரபும் அவ்வாறே கூறும். ஆயின், முன்னரே அறிந்தவர், தடுக்கும் ஆற்றல் உடையவர், தடுக்காது விட்டார் எனின் அவர் பொறுப்பாளி என்பதன்றோ நீதிமன்றம் கண்ட முடிபு? ஓர் ஆட்சியாளனுக்குப் பொருந்தும் நியாயம் எல்லாம் அறிந்த, எல்லாம் வல்ல இறைவனுக்கு ஏன் பொருந்தாது?

இவ்வொப்புமை கூர்மையானது, எளிதில் தள்ளத்தக்கதன்று. மனிதருக்குச் சுதந்திரம் அளித்தமையால் அதன் தீய பயனையும் இறைவன் பொறுக்கின்றார் என்பர் சிலர். அவ்விடை ஓரளவுக்கே செல்லும். மட்டக்களப்பு தேவாலயத்தில் மாண்ட சிறுவரின் பெற்றோர் முன் அதனைக் கூற நாவெழாது. உள்ளதை உள்ளபடி கூறின், கிறிஸ்தவம் இவ்வழக்கில் இறைவனை விடுவிக்கும் வாதம் எதனையும் முன்வைப்பதில்லை. அது முன்வைப்பது ஒரு கதையை. இறைமகன் எனக் கொண்டாடப்படுபவரே அரச ஆணையினால், மக்கள் கூக்குரலிடையே, குற்றமின்றிக் கொல்லப்பட்டார். சாகும் வேளையில் தாம் கைவிடப்பட்டமைக்குக் காரணம் கேட்டுக் கதறினார். அக்கேள்விக்கு அன்று விடை வரவில்லை. விடை வராத கேள்வியைக் கேட்ட அதே வாய், தன் உயிரைத் தந்தையின் கையில் ஒப்புவித்தது. விசுவாசி நம்புவது நிரூபணத்தின் முடிவிலன்று; தன்னைப்போலக் கேட்டவர் ஒருவர் தனக்கு முன்னே அவ்வழியே சென்றிருக்கின்றார் என்பதனாலேயே. இது போதாது என்பார்க்கு மறுமொழியாகக் கூறத்தக்க தருக்கம் எதுவுமில்லை. அவர்களோடு தரையில் அமர்ந்திருத்தல் ஒன்றே செய்யத்தக்கது.

எதிர்ப்பும் சரணாகதியும்

ஜேர்மனிய இறையியலாளர் டீட்ரிக் பொன்ஹோபர் ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்து 1943 ஏப்ரலிற் சிறைப்பட்டார். 1945 ஏப்ரல் 9ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதங்களை நண்பர் பெத்கே தொகுத்து 1951இல் வெளியிட்டபோது அதற்கு இட்ட ஜேர்மன் தலைப்பின் பொருள் எதிர்ப்பும் சரணாகதியும் என்பதாகும். எவ்விடம்வரை எதிர்த்து நிற்றல் வேண்டும், எவ்விடத்தில் பணிதல் வேண்டும் என்ற எல்லையை முன்கூட்டியே விதியாக வகுத்துவிட முடியாது எனவும், இரண்டும் வேண்டும் எனவும் அவர் சிறையிலிருந்தே சிந்தித்தார். எதிர்த்தமையாற் சிறைசென்றவர், தம் முடிவைப் பற்றிய கவலையை இறைவனிடம் விட்டமையாற் சிறையில் தளராதிருந்தார்.

கொழும்பிலே 1971இல் சமூக சமய நடுநிலையத்தை நிறுவிய திஸ்ஸ பாலசூரிய அடிகளார் மரியாளைப் பற்றி எழுப்பிய வினாவும் இத்துடன் தொடர்புடையது. இறைவனின் அடிமை எனத் தன்னைக் கூறிக்கொண்ட மரியாளின் பணிவினை மட்டும் போற்றி, வலியோரை அரியணையினின்று இறக்கும் இறைவனைப் பாடிய அதே மரியாளை மறப்பது ஏன் என்பது அவருடைய சிந்தனையின் சாரம். அவருடைய நூலின் வேறு கருத்துக்கள் காரணமாக 1997இல் அவர் திருச்சபை விலக்கத்துக்கு உள்ளாகி, அடுத்த ஆண்டு மீளச் சேர்க்கப்பட்டார். கோட்பாட்டுப் பூசல் எவ்வாறாயினும், மரியாளின் இணக்கமும் அவளுடைய புரட்சிப் பாடலும் ஒரே அதிகாரத்தில், லூக்காவின் முதல் அதிகாரத்தில், அடுத்தடுத்து நிற்கின்றன என்பதனை எவரும் மறுத்தற்கில்லை.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கையளிக்கத்தக்கது எது, கையளிக்கலாகாதது எது என்பது தெளிவாகும். செயலின் பயனைக் கையளிக்கலாம். அது மனிதர் கையில் என்றுமே முழுதாக இருந்ததில்லை. பழிவாங்கும் உரிமையைக் கையளிக்கலாம். அதனை வைத்திருப்பவன் அதனாலேயே எரிந்துபோவான். எல்லாவற்றிற்கும் காரணம் அறிந்தே தீரவேண்டும் என்னும் அவாவினையும், காலஞ் செல்ல, கையளிக்கலாம். கடமையைக் கையளிக்க முடியாது. அது இறைவனாலேயே மனிதனுக்குக் கையளிக்கப்பட்டது. பிறனுடைய துயரையும் கையளிக்க முடியாது; அது கையளிப்பவனுக்குச் சொந்தமானதன்று.

புனித அந்தோனியார் திருத்தலம் 2019 ஜூன் 12ஆம் திகதி, திருவிழாவின் முதல்நாள், மீண்டும் திறந்துவைக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கு பல சமயத்தவரும் முன்போல வருகின்றனர். வருவோருள் நீதிமன்றத்தில் மனுச் செய்தவரும் உளர்; மன்னித்துவிட்டோம் என்பவரும் உளர்; மன்னிக்க இன்னும் இயலவில்லை என்பவரும் உளர். மெழுகுதிரி ஏற்றும் அவர்களுள் எவர் இறைவனை உண்மையாக நம்புபவர் எனத் தரம் பிரித்தல் அயலார்க்கு உரிய வேலையன்று. அயலார்க்கு உரிய வேலைகள் வேறு உள. கேட்கப்படும் நீதிக்குத் துணைநிற்றல் அவற்றுள் ஒன்று. ஆற்றின் அளவுகோலை விழித்திருந்து பார்த்தல் ஒன்று. சாவு வீட்டிலே அவசரப்பட்டு இறைவனின் மனத்தை விளக்காதிருத்தல் மற்றொன்று. உம்முடைய சித்தம் என்னும் சொல்லைத் துன்புற்றவர் தாமே, தம் காலத்தில், தம் குரலிற் சொல்வாராயின், அருகிலிருப்போர் அதனைத் தலைவணங்கிக் கேட்கலாம். அவர் சொல்லும்வரை அவருக்காக அதனைச் சொல்லிவிடும் உரிமை எவருக்கும் இல்லை.